வெள்ளத்தில் போன படமும் மிஞ்சிய படமும்



வீட்டில் படம் அச்சிட கலர் லேசர் பிரிண்டர் நல்லதா, இங்க்ஜெட் நல்லதா என்று பெற்றோர் பலர் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பாடசாலைக் கணினி அறை எங்கள் பொறுப்பில் இருப்பதால் எங்களுக்குத் தெரியும் என்று நம்புகிறீர்கள். கொஞ்சம் தெரியும். ஆனால் பழைய கதையிலிருந்து தொடங்குகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோட்ட மக்களைப் படம் எடுத்த ஆரம்ப காலத்தவர்களில் ஒருவர் ஜூலியா மார்கரெட் கேமரன். 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே இறந்து, பொகவந்தலாவையில் அடக்கமானார். அவர் எடுத்த தொழிலாளர்களின் முகங்கள் இன்றும் அரும்பொருட்காட்சியகங்களில் இருக்கின்றன. பெயர்கள்தான் இல்லை. யாரும் எழுதி வைக்கவில்லை.

தோட்டத்து வீடுகளில் படம் ஆசைக்காக மட்டும் வந்ததல்ல. 1948 குடியுரிமைச் சட்டம் நம் அயலவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். போகிறவர்களுக்கு பாஸ்போர்ட் வேண்டும், பாஸ்போர்ட்டுக்குப் படம் வேண்டும். டவுன் ஸ்டூடியோவில் எடுத்த அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு பிரதியை இங்கே தங்கியவர்களிடம் கொடுத்துவிட்டுத் தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள். பல லயக் காம்பராக்களில் அக்காவின் முகம், மாமாவின் முகம் என்று இருப்பது அந்த ஒரு பிரதிதான். பிறகு 1972இலிருந்து தேசிய அடையாள அட்டை வந்தது. அதற்கும் படம்.

இனி தண்ணீருக்கு வருவோம். 2003 மே மாத வெள்ளம் இரத்தினபுரிக்கு மறக்காது. 2016 மே மாதம் புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயத்தின் மேல் மலை சரிந்தது. 2017 மே மாதம் களு கங்கை மறுபடியும் ஏறியது. அந்த வெள்ளத்துக்குப் பிறகு நனைந்த ஆல்பம்களைப் பிரித்துக் காயவைக்க உதவினோம். 1960களின் ஸ்டூடியோப் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஊறப்போட்டு மெதுவாகப் பிரித்தபோது முகம் அப்படியே இருந்தது. அதே அலுமாரியில் இருந்த, வீட்டு இங்க்ஜெட்டில் அச்சிட்ட பிறந்தநாள் படம் நீலமும் ரோசாவுமாகக் கரைந்திருந்தது. லேசரில் அச்சிட்ட பரிசளிப்பு விழாப் படத்தில் தாள் சுருங்கியிருந்தது, பிள்ளையின் முகம் போகவில்லை.

காரணம் இதுதான். பழைய படத்தில் இருப்பது ஜெலட்டின் படலத்துக்குள் கிடக்கும் வெள்ளி. லேசரின் வேர் 1938 அக்டோபர் 22, நியூயோர்க்கின் அஸ்டோரியாவில் செஸ்டர் கார்ல்சன் மின்னேற்றிய தகட்டில் தூளை ஒட்டவைத்து எழுத்தைப் பிரதி எடுத்த நாள். 1970களில் செரொக்ஸ் நிறுவனத்தின் கேரி ஸ்டார்க்வெதர் அதில் லேசர் ஒளியைச் சேர்த்தார். டோனர் என்பது பிளாஸ்டிக் தூள். சூட்டில் உருகித் தாளைப் பிடித்துக்கொள்ளும், தண்ணீரில் கரையாது. இங்க்ஜெட் வேறு வழி. 1977இல் கெனன் நிறுவனத்தில் சூடான பற்றவைப்புக் கோல் மை நிரப்பிய ஊசியில் பட்டு, மை பீறிட்டது. அதிலிருந்து பிறந்தது பபிள்ஜெட். வீட்டு இங்க்ஜெட்டுகள் பெரும்பாலும் தெளிப்பது நீரில் கரைத்த சாய மைத் துளிகளை. நீரில் கரைத்தது நீரில் போகிறது.

அப்படியானால் லேசரா? அவசரப்பட வேண்டாம். முகத்தின் மெல்லிய நிற மாற்றங்களை லேசர் அவ்வளவு நன்றாகக் காட்டாது, கன்னத்தில் புள்ளி தெரியும். இங்க்ஜெட்டுக்கான பளபளப்புத் தாளை லேசரில் போட்டால் மேல்பூச்சு உருகி உருளையில் ஒட்டும். நாங்கள் ஒருமுறை அப்படிப் போட்டு, பழுது பார்க்கக் கொடுத்த காசை இன்னும் மறக்கவில்லை. நான்கு நிற டோனரையும் ஒன்றாக மாற்றும் நாளில் விலையைக் கேட்டாலே தலை சுற்றும். இங்க்ஜெட்டை டிசம்பர் விடுமுறை முழுக்க மூடி வைத்தால் அதன் மூக்கு அடைத்துக்கொள்ளும்.

எங்கள் கருத்து: சான்றிதழ், நோட்டீஸ், பிள்ளைகளின் செயற்றிட்டம் என்றால் லேசர். முகம் என்றால் இங்க்ஜெட், அதுவும் பிக்மென்ட் மையில். கடையில் கேட்டு வாங்குங்கள். பல டேங்க் பிரிண்டர்களில் கறுப்பு மட்டுமே பிக்மென்ட், மற்ற மூன்றும் சாயம். ஒரேயொரு பிரதி உள்ள பழைய படமானால் ஸ்கேன் செய்து டவுன் லேபில் போட்டோத் தாளிலேயே எடுங்கள். அங்கே வேலை செய்வது ஒளி, மை அல்ல.

போன கிழமை ஒரு மாணவியின் பாட்டி 1970களில் இந்தியாவுக்குப் போன தங்கையின் படத்தைக் கொண்டுவந்தார். ஸ்கேன் செய்து இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்தோம். பின்பக்கத்தில் பென்சிலால் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் பேத்தி எழுதினாள். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பாட்டி எங்களிடம் இரண்டு தடவை கேட்டார்.