பேர்பனின் தந்தை யார்?

கெண்டக்கி மாநிலத்தின் பாட்ஸ்டவுன் நகரை நெருங்கும்போதே புளித்த மாவின் மணம் எம்மை எதிர்கொண்டது. வடிசாலைகளின் உயர்ந்த பண்டகசாலைச் சுவர்கள் கரிபூசியவைபோல் நின்றன. பீப்பாக்களிலிருந்து ஆவியாகும் மதுவை உண்டு வளரும் பூஞ்சணத்தின் வேலை அது. ஆவியாகிப் போவதைத் 'தேவதைகளின் பங்கு' என்கிறார்கள். தேவதைகளைவிடப் பேராசை கொண்டது தீ. 1996 நவம்பரில் இந்நகரின் ஹெவன் ஹில் வடிசாலையில் பற்றிய தீ ஏறத்தாழ 90,000 பீப்பாக்களை விழுங்கியது.

நாம் சென்ற ஒரு வடிசாலையில் வழிகாட்டி கதையொன்று சொன்னார். எலைஜா கிரெய்க் என்ற பாப்டிஸ்ட் போதகரின் பீப்பா ஒன்று தற்செயலாக உட்புறம் கருகிற்றாம். சிக்கனம் கருதி அதிலேயே மதுவை ஊற்றிவைக்க, செந்நிறப் பேர்பன் பிறந்ததாம். அளவுக்கு மீறி அழகான கதை என்றால் சந்தேகிக்கவேண்டும் என்பது செய்தித்தொழில் எனக்குக் கற்பித்த பாடம்.

கிரெய்க் உண்மையில் வாழ்ந்தவர், மது வடித்தவர், 1808இல் மறைந்தவர். ஆனால் 1874இல் வெளியான கொலின்ஸின் கெண்டக்கி வரலாறு, 1789இல் ஜோர்ஜ்டவுனில் முதற் பேர்பன் வடிக்கப்பட்டதாகக் குறிப்பிடும்போது, வடித்தவர் பெயரைச் சொல்லவில்லை. மதுவிலக்கு இயக்கம் வலுத்த காலத்தில், மதுவுக்குத் தந்தையாக ஒரு போதகர் கிடைத்தமை வணிகர்களுக்கு வாய்ப்பாயிற்று என்றே கருதுகிறேன். 1986இல் அவர் பெயரிலேயே ஒரு போத்தலும் சந்தைக்கு வந்தது.

சட்டம் கதை பேசுவதில்லை. தானியக் கலவையில் 51 சதவீதமாவது மக்காச்சோளம் இருக்கவேண்டும். உட்புறம் கருக்கிய புதிய ஓக் கலத்தில் வைக்கவேண்டும். இது அமெரிக்காவுக்கே உரிய மது என 1964இல் கொங்கிரஸ் தீர்மானித்தது.

மதிய உணவுக்கு 'பேர்கூ' கிடைத்தது. இறைச்சி, சோளம், அவரை, உருளைக்கிழங்கு எல்லாம் கரையுமட்டும் காய்ச்சிய கெட்டிக்குழம்பு. அந்நாளில் தேர்தற் கூட்டங்களுக்குப் பெருங்கிடாரங்களில் காய்ச்சினார்களாம். காரம் சற்றுக் குறைவு. ஆயினும் இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கினேன். லூயிவில்லின் பிரவுண் ஹோட்டலில் 1926இல் தோன்றிய 'ஹொட் பிரவுண்', வான்கோழியும் பன்றியிறைச்சியும் பாற்கட்டிக் குழம்பும் சேர்ந்த ரொட்டி, எனக்குப் பிடிக்கவில்லை.

உண்ணும்போதும் ஒரு கேள்வி உறுத்தியது. கெண்டக்கி அடிமை மாநிலம். அடுப்பெரித்தவர், மா கலக்கியவர், பீப்பா உருட்டியவர் யாவர்? அயல் மாநிலமான டெனசியில், ஜாக் டானியலுக்கு வடிக்கும் தொழிலைக் கற்பித்தவர் நியரெஸ்ட் கிரீன் என்ற கறுப்பின அடிமை என்பதை அந்நிறுவனம் 2016இல்தான் உலகறியப் பேசத் தொடங்கியது.

1792வரை கெண்டக்கி வேர்ஜீனியாவின் பகுதியாகவே இருந்தது. அந்த வேர்ஜீனியாவில் ஜோர்ஜ் வாஷிங்டனின் வடிசாலை 1799இல் சுமார் 11,000 கலன் விஸ்கி வடித்தது. அங்கு உழைத்த அடிமைகள் அறுவர்: ஹான்சன், பீட்டர், நாட், டானியல், ஜேம்ஸ், திமொதி. அவ்வாண்டில் வாஷிங்டன் தம் அடிமைகளுக்குப் பட்டியல் எழுதிவைத்தமையால் இப்பெயர்கள் எஞ்சின.