சுத்தம், சம்மதம், சாட்சியம்: உளவு மென்பொருளின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

2004-ஆம் ஆண்டு. நண்பர் ஒருவரின் மாடி அறையில், ஒரு பழைய அசெம்பிள்டு கம்ப்யூட்டரில், நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சிறுபத்திரிகைக்குப் பக்கம் கட்டிக்கொண்டிருந்தோம். ஒருநாள் அந்த மிஷின் எங்கள் பேச்சைக் கேட்பதை நிறுத்திக்கொண்டது. இன்டர்நெட்டைத் திறந்தால் நாங்கள் கேட்காத ஏதோ ஒரு தேடல் பக்கம் வந்து நிற்கும். மாற்றி வைத்தால் மறுபடியும் அதுவே வரும். சூதாட்ட விளம்பரம், எடை குறைக்கிற மாத்திரை விளம்பரம், ஒன்றை மூடினால் மூன்று திறக்கும். சர்வீஸ் பண்ண வந்த பையன் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தான். ‘கண்ட சைட்டுக்கெல்லாம் போனா இப்படித்தான் சார் வரும்’ என்றான்.

அறையிலிருந்த அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். யார் போனது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொருத்தரும் மனசுக்குள் இன்னொருத்தரைச் சந்தேகப்பட்டோம். பையன் ஃபார்மட் அடித்துக் கொடுத்தான். அச்சுக்குப் போக வேண்டிய முப்பது பக்கம் போயே போச்சு.

அது எந்தக் ‘கண்ட சைட்’டிலிருந்தும் வரவில்லை என்பது பின்னால்தான் எனக்குப் புரிந்தது. பாட்டு இறக்குவதற்காகப் போட்ட ஓர் இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதைப் போட்டவன் நான். ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஐ அக்ரீ’ என்று அழுத்தியதும் நான்தான். நண்பர்களிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைத்தான் இங்கே யோசித்துப் பார்க்கிறேன்.

கம்ப்யூட்டர் பாதுகாப்பு என்கிற சொல்லாடலைக் கவனித்துப் பாருங்கள். வைரஸ், தொற்று, தனிமைப்படுத்துதல், சுத்தம் செய்தல் என்று முழுக்க முழுக்கச் சுத்தம்/அசுத்தம் என்கிற எதிர்வின் மேல் கட்டப்பட்ட மொழி இது. தீட்டைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தீட்டு ஏற்பட்டால் பழி யார்மேல் விழும் என்பதும் இந்தச் சமூகத்துக்கு நன்றாகவே தெரியும். அசுத்தத்தைப் பரப்பி லாபம் பார்த்தவன் வெளியே நிற்பான். தொடப்பட்டவன் வெட்கப்பட்டு மூலையில் உட்காருவான். உளவு மென்பொருளின் வரலாற்றை இந்த வெட்கத்தைத் தள்ளி வைத்துவிட்டுத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

2

இந்த வரலாறு திருடர்களிடமிருந்து தொடங்கவில்லை, வியாபாரத்திலிருந்து தொடங்குகிறது. 1990-களின் கடைசியில் அமெரிக்காவில் இலவசமாக மென்பொருள் கொடுத்தவர்கள், அதற்கான காசை விளம்பரத்தில் எடுக்க முடியும் என்று கண்டுகொண்டார்கள். யாருக்கு எந்த விளம்பரம் காட்டுவது என்று தெரிய வேண்டுமானால் ஆளைக் கவனிக்க வேண்டும். 1999-இல் ரியல்ஜூக்பாக்ஸ் என்ற பாட்டுக் கேட்கும் மென்பொருள், ஒவ்வொரு பிரதிக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, அவரவர் கேட்கும் பாட்டு விவரத்தை நிறுவனத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது தெரியவந்தது. 2000-இல் ஸ்டீவ் கிப்சன் என்ற கலிஃபோர்னியா நிரலாளர், ஆரியேட் என்ற நிறுவனத்தின் விளம்பர நிரல் தன் கம்ப்யூட்டரில் தனக்குத் தெரியாமல் இருப்பதைக் கண்டார். அது பல இலவச மென்பொருள்களோடு சேர்ந்து வந்தது. அந்த மென்பொருளை நீக்கிய பிறகும் அது மட்டும் உள்ளேயே தங்கிவிடும். அதை எடுக்க அவர் எழுதிய ‘ஆப்ட்அவுட்’தான் ஸ்பைவேரை நீக்குவதற்கென்று வந்த முதல் கருவி.

நான் அழுத்திய ‘ஐ அக்ரீ’க்கு இங்கேதான் வருகிறோம். பிடிபட்ட நிறுவனங்களெல்லாம் ஒரே பதிலைத்தான் சொல்லின: ‘அவர்கள் சம்மதித்தார்கள்.’ அந்தக் காலத்தின் பெரிய விளம்பர மென்பொருள் நிறுவனமான கேட்டர், கஸா போன்ற இலவச மென்பொருள்களோடு சேர்ந்து வீடுகளுக்குள் நுழைந்தது. ஆள் எந்தெந்தப் பக்கத்துக்குப் போகிறார் என்று பார்த்து, அந்தப் பக்கங்களின் மேலேயே தன் விளம்பரத்தைத் திறந்து வைத்தது. அதன் உரிம ஒப்பந்தம் ஏறத்தாழ ஆறாயிரம் சொற்கள். இந்தக் கட்டுரையைப்போல நாலு மடங்கு! 2003-இல் பிசி பிட்ஸ்டாப் என்ற சிறு நிறுவனம் கேட்டரை ‘ஸ்பைவேர்’ என்று எழுதியதற்கு அவதூறு வழக்குப் போட்டார்கள். வழக்கு சமரசத்தில் முடிந்தது. அந்தப் பக்கங்கள் காணாமல் போயின. அதே வருஷம் கேட்டர் தன் பெயரையும் க்ளாரியா என்று மாற்றிக்கொண்டது. உளவு பார்ப்பதைக் காட்டிலும் ‘உளவு’ என்று சொல்வதுதான் குற்றம் என்றாகிவிட்டது. பெயர் சூட்டுகிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்கிற பழைய கேள்விதான் இது.

அந்த பிசி பிட்ஸ்டாப்பே பிறகு ஒரு வேடிக்கை செய்தது. தன் மென்பொருளின் உரிம ஒப்பந்தத்துக்குள், இதைப் படித்து எங்களுக்கு எழுதினால் பணம் தருவோம் என்று ஒரு வரியைச் செருகி வைத்தது. நாலு மாசம் ஆனது, மூவாயிரம் பேருக்கு மேல் இறக்கிக்கொண்டார்கள், அதற்கப்புறம்தான் ஒரே ஒருத்தர் எழுதினார். அவருக்கு ஆயிரம் டாலர் கிடைத்தது. படிக்காத மூவாயிரம் பேரை முட்டாள் என்று சொல்லலாம். படிக்க மாட்டார்கள் என்று தெரிந்தே எழுதப்படுகிற ஒரு பிரதியில் கிடைக்கிற சம்மதம் என்ன வகைச் சம்மதம் என்றும் கேட்கலாம். நான் இரண்டாவது கேள்வியைத்தான் கேட்கிறேன். கைநாட்டு வாங்கிய கடன் பத்திரங்களின் வரலாறு உள்ள நாட்டில் இந்தக் கேள்வி ஒன்றும் புதுசில்லை.

காப்பாற்ற வந்தவர்களையும் பார்க்க வேண்டும். முதலில் வந்தவர்கள் தனி ஆட்கள். ஜெர்மனியின் பாட்ரிக் கோல்லா ‘ஸ்பைபாட்’ எழுதினார். ஹாலந்தில் மாணவராக இருந்த மெரைன் பெல்லெகோம் ‘ஹைஜாக்திஸ்’ எழுதினார். இரண்டையும் இலவசமாகவே கொடுத்தார்கள். பயம் பெருகியதும் பயமே சரக்காயிற்று. ‘உங்கள் கம்ப்யூட்டரில் ஆபத்து’ என்று பொய்யாகக் கத்தி, இல்லாத நோய்க்கு மருந்து விற்கிற ‘வின்ஃபிக்ஸர்’ போன்ற போலிகள் கிளம்பின. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஏமாற்றியதாக, அதை விற்றவர்கள் மீது அமெரிக்க வணிக ஆணையம் 2008-இல் வழக்குத் தொடர்ந்தது.

இதைவிட முக்கியமானது 2005 அக்டோபர் 31. சோனி பிஎம்ஜி நிறுவனத்தின் பாட்டு சி.டி. ஒன்றைக் காசு கொடுத்து வாங்கித் தன் கம்ப்யூட்டரில் போட்ட மார்க் ருசினோவிச் என்ற நிரலாளர், அது தன்னை ஒளித்துக்கொள்கிற ஒரு நிரலை விண்டோஸின் அடியாழத்தில் புதைத்திருப்பதைக் கண்டு எழுதினார். நகல் எடுப்பதைத் தடுப்பதுதான் நோக்கம் என்றார்கள். சி.டி.யோடு வந்த ஒப்பந்தத்தில் இப்படி ஒளிந்துகொள்வது பற்றி ஒரு பேச்சும் இல்லை. அந்த மறைவிடத்துக்குள் வேறு எவன் வேண்டுமானாலும் தன் நிரலை ஒளித்து வைக்கலாம்; அப்படியே செய்தார்கள். நீக்குவதற்கென்று கொடுத்த கருவி இன்னொரு ஓட்டையைத் திறந்து வைத்தது. எதிர்ப்பு வலுத்த பிறகே சி.டி.க்களைத் திரும்பப் பெற்றார்கள். வைரஸைப் பிடிக்கக் காசு வாங்குகிற நிறுவனங்கள் இதில் தயங்கித் தயங்கித்தான் கை வைத்தன. நுழைந்தவன் ஒரு பையனாக இருந்திருந்தால் அன்றைக்கே ‘வைரஸ்’ என்றிருப்பார்கள். நுழைந்தது பெரிய நிறுவனம், அதனால் ‘உரிமைப் பாதுகாப்பு’!

3

விளம்பரக்காரன் போட்ட பாதையில் அரசு பின்னால் வந்து சேர்ந்தது என்று சொல்ல முடியாது. அது இன்னொரு பக்கமாக முன்னமேயே நடந்துகொண்டிருந்தது. 1999-இலேயே, ஸ்கார்ஃபோ வழக்கில் ஒருவரின் கம்ப்யூட்டரில் விசைப்பதிவுக் கருவி வைத்து அவருடைய கடவுச்சொல்லை எடுத்தது அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இரண்டு பாதைகளும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன: கம்ப்யூட்டர் யார் மேஜையில் இருக்கிறதோ அவருக்குத் தெரியாமல் அதை ஆள்வது.

ஜெர்மனியில் இதற்கு ஒரு வழக்கு நடந்தது. அரசமைப்புச் சட்ட நீதிமன்றம் 2008 பிப்ரவரி 27-இல், கணினிகளுக்குள் ரகசியமாக நுழைய அனுமதித்த மாநிலச் சட்டம் ஒன்றைச் செல்லாது என்றது. தகவல் அமைப்புகளின் ரகசியத்தன்மையும் சிதையாமையும் ஓர் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. இதில் ‘சிதையாமை’ என்கிற சொல்லைத்தான் நாம் அடிக்கோடிட வேண்டும். நம்மிடம் வழக்கமாக ரகசியம் பற்றி மட்டுமே பேச்சு. ‘எங்கிட்ட ஒளிக்க என்ன இருக்கு, பாத்துட்டுப் போகட்டும்’ என்று சொல்கிற தோழர்கள் நிறையப் பேர் உண்டு. 2011 அக்டோபரில் ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப், அந்நாட்டுப் போலீஸ் பயன்படுத்திய உளவு நிரல் ஒன்றைப் பிரித்துப் பார்த்து எழுதியது. வெளியிலிருந்து வேறு நிரல்களை இறக்கி ஓட்டவும் அதனால் முடியும். ஆகவே பொய்ச் சாட்சியத்தைக் கோப்பாக உள்ளே வைக்கவும் முடியும் என்று அவர்கள் எச்சரித்தார்கள்.

ஃபூக்கோ வழியாக நமக்குப் பழக்கமான பெந்தாமின் சிறைக் கோபுரம் இங்கே போதாமல் போகிறது. அந்தச் சிறையில் கைதிக்குக் கோபுரம் தெரியும், தான் பார்க்கப்படலாம் என்பதும் தெரியும். இங்கே கோபுரமே தெரியாது. அதைவிட, அந்தக் கோபுரம் கைதியைப் பார்த்தது. கைதியின் கையெழுத்தில் கடிதம் எழுதவில்லை.

4

2021 பிப்ரவரியில் ஒரு செய்தி வந்தது. பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் மடிக்கணினியின் நகலை, அவருடைய வழக்கறிஞர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில், அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் என்ற தடயவியல் நிறுவனம் ஆராய்ந்திருந்தது. அந்த அறிக்கை சொல்வது இது: 2016 ஜூன் 13-இல் அவருக்கு வரவர ராவின் கணக்கிலிருந்து மின்னஞ்சல் வருகிறது. அதில் வந்த கோப்பை அவர் திறக்கிறார். நெட்வயர் என்ற நிரல் உள்ளே இறங்குகிறது. யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கக்கூடியதாக அன்று விற்கப்பட்ட சரக்கு அது (விற்ற தளத்தை 2023-இல் எஃப்.பி.ஐ. முடக்கியது). அதன் பிறகு இருபத்திரண்டு மாசம் அந்த மிஷின் வேறொருவர் கையில். மறைக்கப்பட்ட ஓர் உறைக்குள் பத்துக் கடிதங்கள் வந்து சேர்கின்றன. பிரதமரைக் கொல்லச் சதி என்று சொல்லப்பட்ட கடிதமும் அதில் ஒன்று. அவற்றை வில்சன் திறந்து பார்த்ததற்கான தடயம் எதுவும் இல்லை.

அடுத்தது நம் ஊர்க்காரர். திருச்சி மாவட்டத்தின் விரகாலூரில் பிறந்து, ஜார்கண்டின் ஆதிவாசிகளோடு வாழ்ந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி. 2020 அக்டோபர் 8-இல் ராஞ்சியில் கைது. பார்கின்சன் நோயால் கை நடுங்கியதால், தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழல் கேட்டவர். 2021 ஜூலை 5-இல் 84 வயதில், ஜாமீன் கிடைக்காமலே இறந்தார். 2022 டிசம்பரில் வந்த ஆர்சனல் அறிக்கை, 2014-லிருந்தே அவர் கம்ப்யூட்டர் ஊடுருவப்பட்டிருந்தது, நாற்பதுக்கும் மேற்பட்ட ஆவணங்கள் உள்ளே வைக்கப்பட்டன என்றது. 2019 ஜூன் 12-இல் போலீஸ் அதைப் பறிமுதல் செய்தது. அதற்கு முந்தின நாள் இரவு, ஊடுருவியவர் தன் தடயங்களை அழிக்க முயன்றிருக்கிறார். மறுநாள் பறிமுதல் என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது?

ஊடுருவியவர் யார் என்று ஆர்சனல் சொல்லவில்லை. தேசியப் புலனாய்வு முகமை இந்த அறிக்கைகளை ஏற்கவில்லை. அரசுத் தடயவியல் ஆய்வில் அப்படி எதுவும் தெரியவில்லை என்றது. விசாரணை முடியாமலே வில்சனுக்கு 2025 ஜனவரியில்தான் ஜாமீன் கிடைத்தது. ஆறரை வருஷம்.

2004-இல் எங்கள் மிஷினுக்குள் வந்தது எங்களைப் படித்துவிட்டு விளம்பரம் காட்டியது. வில்சனின் மிஷினுக்குள் வந்தது அவர் பெயரில் எழுதியது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே குடும்பம். எழுதுகிறவர்களான நமக்கு இரண்டாவது வேறு வகையில் கவலை தர வேண்டும். ‘ஆசிரியன் இறந்துவிட்டான்’ என்று நாம் ஒரு காலத்தில் உற்சாகமாக விவாதித்தோம். எழுதாத பிரதிக்கு ஒருவரை ஆசிரியராக்கிச் சிறையில் போடலாம் என்பதை அப்போது யோசிக்கவில்லை.

5

சரி, என்னதான் செய்வது? சில காரியங்கள் இருக்கின்றன. இயங்குதளத்தையும் உலாவியையும் புதுப்பித்துக்கொண்டே இருப்பது. அன்றாட வேலைக்கு நிர்வாகி உரிமை இல்லாத ஒரு தனிக் கணக்கில் உட்காருவது. இலவசமாக வருவதையெல்லாம் போடாமலிருப்பது. போட்டாலும், கூட என்ன வருகிறது என்று படித்துப் பார்ப்பது. தெரிந்த தோழரின் பெயரில் கோப்பு வந்தாலும் (வில்சனுக்கு அப்படித்தான் வந்தது) ‘நீங்க அனுப்புனீங்களா?’ என்று போனில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் திறப்பது. எழுதியதற்கு மிஷினில் செருகாத தனி வட்டில் ஒரு பிரதி வைத்திருப்பது. தடுப்பு மென்பொருளும் வேண்டும்தான், ஆனால் அதுவே காவல் தெய்வம் என்று நம்பிவிடாமல்.

இவ்வளவும் தனி ஆளின் காரியம். இதோடு நின்றால் மறுபடி அந்தச் சர்வீஸ் பையன் சொன்ன இடத்துக்கே வந்துவிடுவோம்: கெட்டால் உன் தப்பு. மிஷினைப் பறிமுதல் செய்யும்போது அந்த இடத்திலேயே அதன் ஹாஷ் மதிப்பை எடுத்துப் பஞ்சநாமாவில் எழுதித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். உள்ளே இருப்பதில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். பறிமுதலுக்குப் பிறகு யார் கைவைத்தாலும் அது காட்டிக்கொடுக்கும். (முன்னமேயே உள்ளே வைத்ததை அது காட்டாது, அதற்குத்தான் முழு நகலும் சுயேச்சையான ஆய்வும் வேண்டும்.) அது தரப்படவில்லை என்பது பீமா கோரேகான் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் தரப்பு எழுப்பிய புகார்களில் ஒன்று. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டம், மின்னணுச் சாட்சியத்தோடு தரும் சான்றிதழில் ஹாஷ் மதிப்பைக் கேட்கிறது. கூடவே வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், சோதனையையும் பறிமுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. சட்டத்தில் இருக்கிறது என்பதால் தானாக நடந்துவிடாது. கேட்கத் தெரிந்த ஒருத்தர் அந்த நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். நம் அமைப்புகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அந்த முப்பது பக்கத்தைத் தொலைத்தது நான்தான் என்று இப்போது எழுதிவிட்டேன். நண்பர்கள் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் அன்றைக்கே சொல்லியிருந்தால், அது எப்படி நுழைந்தது என்று எல்லோரும் சேர்ந்து தெரிந்துகொண்டிருப்போம். அடுத்த முறை ஒரு தோழர் தன் மிஷினில் ஏதோ சரியில்லை என்று சொன்னால், ‘எந்தச் சைட்டுக்குப் போனே?’ என்று கேட்காமலிருப்போம். யார் உள்ளே வந்தது, எந்த வழியாக வந்தது என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.