தொகை என்னும் சொல்லின் பொருள்

1 − 1 + 1 − 1 + … என முடிவின்றி நீளும் தொடரின் கூட்டுத்தொகை யாது? 1703இல் இத்தாலியத் துறவி குவிதோ கிராந்தி இதனை ஆராய்ந்தார். உறுப்புகளை இரண்டிரண்டாக இணைத்தால் விடை 0. முதல் உறுப்பைத் தனியே நிறுத்தி மற்றவற்றை இணைத்தால் 1. பெருக்குத் தொடரின் சூத்திரத்தில் பொது விகிதமாக −1ஐப் பிரதியிட்டால் 1/2. சுழியத்திலிருந்து அரை பிறப்பதில், இன்மையிலிருந்து உலகம் படைக்கப்பட்டதன் சாயலை அவர் கண்டார்.

லைப்னிட்சும் 1/2 என்பதையே ஏற்றார். பகுதிக் கூடுதல்கள் 1, 0 என மாறி மாறி வருவதால் இரண்டின் சராசரியே விடை என்பது அவர் வாதம். ஒரு தொடர் எந்தக் கோவையின் விரிவாகப் பிறந்ததோ, அக்கோவையின் மதிப்பே தொடரின் மதிப்பு என்றார் ஆய்லர். ஆனால் இதே தொடர் வேறொரு பின்னத்தின் விரிவிலிருந்தும் பிறக்கும். அங்கு விடை 2/3 என்று பிரெஞ்சுக் கணிதர் காலே காட்டினார்.

குழப்பத்தின் வேர் கணக்கில் இல்லை, சொல்லில் இருந்தது. கூட்டல் என்பது முடிவுள்ள எண்ணிக்கைக்கே வரையறுக்கப்பட்ட செயல். முடிவிலியில் 'தொகை' என்பதற்குப் பொருளை நாமே வழங்க வேண்டும். 1821இல் கோஷி அதைச் செய்தார்: பகுதிக் கூடுதல்கள் ஓர் எல்லையை நெருங்கினால் அதுவே தொகை, இல்லையேல் தொகை இல்லை. 1/2 + 1/4 + 1/8 + … என்பதன் கூடுதல்கள் 1/2, 3/4, 7/8 என 1ஐ நெருங்குகின்றன. கிராந்தியின் தொடரோ எங்கும் நிலைகொள்வதில்லை. உறுப்புகள் தேய்ந்தால் மட்டும் போதாது. 1 + 1/2 + 1/3 + … எந்த எண்ணையும் விஞ்சும் என்பதைப் பதினான்காம் நூற்றாண்டிலேயே ஒரெம் நிறுவியிருந்தார்.

விரியும் தொடர்கள் சாத்தானின் படைப்பு என்று 1826இல் ஏபெல் சினந்தார். எனினும் 1890இல் செசாரோ, பகுதிக் கூடுதல்களின் சராசரியைக் கொண்டு வேறொரு வரையறை தந்தார். அதன்படி கிராந்தியின் தொடருக்கு 1/2 முறையான மதிப்பாயிற்று.

வரையறையைச் சொல்லாமல் விடுவதன் விலையை உணர்ந்தவர் ராமானுஜன். 1 + 2 + 3 + … = −1/12 என்று அவர் எழுதியதைக் கண்ட லண்டன் பேராசிரியர் ஹில், அவர் விரியும் தொடர்களின் படுகுழியில் வீழ்ந்ததாக 1912இல் கருதினார். விளக்கமின்றி இதைக் கூறினால் பைத்தியக்கார விடுதியையே காட்டுவார்கள் என 1913 பிப்ரவரியில் ராமானுஜன் ஹார்டிக்கு எழுதினார். −1/12 என்பது ரீமானின் சீட்டா சார்பு −1இல் பெறும் மதிப்பு. ராமானுஜன் தம் கோட்பாட்டின்படி என்று குறித்தே அதை எழுதியிருந்தார்.

பிற்காலத்தில் ஹார்டி சுட்டியது இதுவே: ஒரு குறியீட்டுக்கு நாம் வரையறுக்கும்வரை பொருள் இல்லை. 'விடை என்ன?' என்று கேட்கும் முன், 'விடை என்று எதைச் சொல்கிறோம்?' என்று கேட்கக் கணிதத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.