நான்கே படிகள் கொண்ட ஏணி

இறைவார்த்தையை வாசிப்பது திருச்சபையின் முதல் நூற்றாண்டுகளில் கண்ணின் வேலையாக மட்டும் இருந்ததில்லை. வாயும் செவியும் நினைவும் அதில் பங்கு கொண்டன. இலத்தீன் மொழியில் 'லெக்சியோ திவினா' எனப்படும் இறைவாசிப்பு அந்தப் பழக்கத்திலிருந்து வளர்ந்ததே. பங்குத் தியானங்களிலும் அன்பியக் கூட்டங்களிலும் இன்று அச்சொல்லைக் கேட்கும்போது, துறவிகளுக்கு உரிய ஒன்று குடும்பத்தாராகிய நமக்கு எதற்கு என்னும் தயக்கம் நமக்குள் எழுகிறது. அத்தயக்கம் முறையானதுதானா? வரலாறு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

நம் மக்கள் வனத்து அந்தோனியார் என்று அன்புடன் அழைக்கும் எகிப்து நாட்டுப் புனிதரை முதலில் நினைவுகூர்வோம். 3ஆம் நூற்றாண்டில் அவர் தம் ஊர்க் கோவிலில் சாதாரண விசுவாசியாக நின்றபோதுதான், ஆண்டவர் செல்வரான இளைஞரை அழைத்த நற்செய்திப் பகுதி அவர் காதில் விழுந்தது. அதைத் தமக்கே சொல்லப்பட்டதாக ஏற்று, தம் நிலபுலன்களைத் துறந்தார். அவருடைய வரலாற்றை எழுதிய புனித அத்தனாசியார், வாசிக்கக் கேட்டவற்றை அவர் ஒன்றும் சிந்தாமல் உள்ளத்தில் வைத்துக்கொண்டதால், நினைவே அவருக்கு நூலாயிற்று என்கிறார். அவருக்குப் பின் பாலைநிலத் துறவிகள் பனையோலையைப் பின்னிக்கொண்டே திருப்பாடல்களை முணுமுணுத்தனர். ஆடுமாடு இரையை அசைபோடுவது போல என்று முன்னோர் இதனை வருணித்தனர். இவ்வாறு தியானித்தோர் பலரின் கையில் ஏடு இல்லை, நெஞ்சில்தான் இருந்தது.

6ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் இப்பழக்கத்திற்கு ஓர் ஒழுங்கு தந்தார். அவர் இயற்றிய ஒழுங்குநூலின் 48ஆம் அதிகாரம் கைவேலைக்கும் இறைவாசிப்புக்கும் தனித்தனி நேரம் வகுக்கிறது. தவக்காலத் தொடக்கத்தில் துறவி ஒவ்வொருவருக்கும் ஒரு நூல் வழங்கப்பட வேண்டும். அதை அவர் தொடக்கம் முதல் முறையாக வாசித்து முடிக்க வேண்டும். நண்பகல் ஓய்வில் வாசிக்க விரும்புபவர் பிறருக்குத் தொல்லையின்றி வாசிக்கட்டும் என்றும் விதி கூறுகிறது. வாய்விட்டு வாசிப்பதே அன்றைய வழக்கம் என்பதை இதனால் அறிகிறோம். வாசிப்பு நேரத்தில் சோம்பியிருப்போரைக் கண்காணிக்க மூத்தோர் ஓரிருவர் மடத்தைச் சுற்றி வர வேண்டும் என்பதும் அதே அதிகாரத்தில் உண்டு. துறவிகளுக்கும் மனம் அலைந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ!

இம்முறைக்குத் தெளிவான வடிவம் தந்தவர் 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த இரண்டாம் குய்கோ. பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலையில் 1084ஆம் ஆண்டு புனித புரூனோ தொடங்கிய சார்த்ரூஸ் மடத்தின் ஒன்பதாம் தலைவர் இவர். ஒருநாள் கைவேலையில் ஈடுபட்டிருந்தபோது ஆன்மீகப் பயிற்சியின் நான்கு படிகள் தம் மனத்தில் தோன்றியதாக ஜெர்வாஸ் என்னும் சகோதரருக்கு வரைந்த மடலில் அவர் எழுதுகிறார். வாசித்தல், சிந்தித்தல், மன்றாடுதல், இறைவனில் ஆழ்ந்திருத்தல் ஆகியவையே அந்த நான்கு. உணவை வாயில் இடுவது வாசிப்பு, மெல்லுவது சிந்தனை, சுவையைப் பிரித்தெடுப்பது மன்றாட்டு, அந்த இனிமையே ஆழ்ந்திருத்தல் என உவமையாலும் விளக்குகிறார். தூய உள்ளத்தைப் பற்றிய மலைப்பொழிவு வசனம் ஒன்றையே எடுத்துக்கொண்டு, நான்கு படிகளிலும் ஏறிக் காட்டுகிறார். ஒரே வசனம் அவருக்குப் போதுமானதாக இருந்தது.

பின்னர் வந்த காலம் இந்த ஏணியின் படிகளைப் பிரித்துவிட்டது. பல்கலைக்கழகங்கள் எழுந்தன, திருநூல் வாசிப்பு அங்கே கேள்வியும் விவாதமுமாயிற்று. அதனால் அறிவு பெருகியது என்பதை மறுக்கலாகாது. ஆனால் படிப்பும் செபமும் வெவ்வேறு அறைகளுக்குச் சென்றன. 16ஆம் நூற்றாண்டுப் பிளவுக்குப் பின், தாய்மொழியில் திருவிவிலியம் வாசிக்க விரும்பிய பொதுநிலையினர் ஆயரிடமோ விசாரணை அதிகாரியிடமோ எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும் என 1564ஆம் ஆண்டின் விதி கட்டளையிட்டது. வாசிப்பு நம்மிடமிருந்து விலகிய அந்நாள்களில் அசைபோடும் பழக்கத்தைக் காத்தது செபமாலை. 150 திருப்பாடல்களுக்கு ஈடாக 150 அருள்நிறை மந்திரங்களைச் சொல்லி, மீட்பின் மறைபொருள்களை நம் மூதாதையர் சிந்தித்தனர். எழுத்தறியாத பாட்டிமாரும் அந்த ஏணியின் ஒரு படியில் நின்றார்கள் என்று சொல்வது மிகையாகாது.

பிரிந்த படிகளை மீண்டும் இணைத்தது இரண்டாம் வத்திக்கான் சங்கம். 1965 நவம்பர் 18ஆம் நாள் வெளிவந்த இறைவெளிப்பாடு பற்றிய ஏடு, தன் 25ஆம் எண்ணில், கிறிஸ்தவர் அனைவரும் திருநூலை அடிக்கடி வாசிக்கவும், அவ்வாசிப்போடு செபத்தை இணைக்கவும் வேண்டுகிறது. 1980ஆம் ஆண்டு மிலான் பேராயர் கர்தினால் மார்த்தீனி தம் பேராலயத்தில் இளைஞரைத் திரட்டி, இறைவார்த்தையை அமைதியில் வாசிக்கக் கற்பித்தார், ஆயிரக்கணக்கானோர் வந்தனர். தமிழகத்தில் 1995ஆம் ஆண்டு திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பு நம் கைகளுக்கு வந்து சேர்ந்தது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட திருத்தூது ஊக்கவுரையில் நான்கு படிகளையும் விளக்கி, வாசித்தவர் பிறர்க்கெனத் தம் வாழ்வைக் கையளிக்கும் செயலில் இறங்கும்போதே இறைவாசிப்பு நிறைவுறும் என்றார்.

ஆகவே துறவிகளின் உடைமையை நாம் கடன் கேட்கவில்லை. நம்மிடமிருந்து சென்றதே நம்மிடம் திரும்பியுள்ளது. ஆயினும் புதிய ஆபத்து ஒன்று நம் வாயிலில் நிற்கிறது. தவக்காலம் முழுமைக்கும் ஒரே நூல் பெற்றவர் அதை மென்று சுவைத்தார். திருநூல் முழுவதையும் கைப்பேசியிலேயே வைத்திருக்கும் நாமோ, வசனங்களைப் படித்த கையோடு பிறருக்கு அனுப்பிவிட்டு அடுத்ததற்குச் செல்கிறோம். அன்று கட்டுப்பாடு தடுத்தது. இன்று அவசரம் தடுக்கிறது.

இதற்கும் குய்கோ இடம் விட்டு வைத்திருக்கிறார். ஏணியில் ஏறாதபடி நம்மைத் தடுப்பவை நான்கு என்கிறார் அவர்: தவிர்க்க இயலாத தேவை, பிறர்க்குச் செய்யும் நற்பணி, மனித பலவீனம், உலகின் வீண்பெருமை. முதலாவது மன்னிக்கத்தக்கது, இரண்டாவது பொறுத்துக்கொள்ளத்தக்கது, மூன்றாவது இரங்கத்தக்கது, நான்காவதே குற்றத்திற்குரியது. நோயுற்ற குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருக்கும் தாயைக் குற்றவாளி ஆக்காத இந்த நடுநிலைமை நமக்கு ஆறுதல் தருகிறது. அதே வேளையில், நம்மை உண்மையில் தடுப்பது இந்நான்கில் எது என்று நேர்மையாக ஆராயவும் அது நம்மைத் தூண்டுகிறது.

வரும் ஞாயிறு நற்செய்தியிலிருந்து ஒரே ஒரு வசனத்தை முந்திய இரவே எடுத்துக்கொள்வோம். அதை வாய்விட்டு மெதுவாக வாசிப்போம், வேலைகளுக்கிடையே அசைபோடுவோம், அது எழுப்பும் ஏக்கத்தை ஆண்டவரிடம் சொல்வோம், பின் சற்றே மௌனமாய் அவர் திருமுன் இருப்போம். படிகள் நான்கே. வனத்து அந்தோனியார் ஏறத் தொடங்கிய இடமும் நம்முடையதைப் போன்ற ஓர் ஊர்க் கோவில்தான்.