வளர்கிற பாலம்

புதுச்சேரிக் கடற்கரையின் பழைய துறைமுகப் பாலம் 2022 மார்ச்சில் இடிந்து விழுந்தது. வயது அறுபதை ஒட்டி. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்தால் கான்கிரீட் எத்தனை நாள் தாங்கும்? அதே ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் மேகாலயாவின் வேர்ப்பாலங்கள் சேர்ந்தன. அவற்றின் கணக்கே வேறு. வயது ஏற ஏறப் பலம் கூடும்.

சிரபுஞ்சியில் 1860 ஆகஸ்ட் முதல் 1861 ஜூலை வரை பெய்த மழை 26,461 மில்லிமீட்டர். ஓராண்டு மழையில் உலகச் சாதனை அதுதான். அந்த ஈரத்தில் மூங்கில் பாலம் போட்டால் சில வருஷத்தில் மக்கிவிடும். ஆற்றங்கரையில் நிற்கும் மரத்தையே காஸி, ஜயந்தியா மக்கள் பாலமாக்கியது அதனால்தான். அந்த மரம் நமக்கும் தெரிந்ததுதான்: வீட்டு வாசலில் தொட்டியில் வைக்கிறோமே, அதே ரப்பர் செடி. ஆலமரத்துக்குச் சொந்தம், அதனால் விழுது விடும். இளம் விழுதை மூங்கில் சாரத்திலோ, குடைந்த பாக்குமரத் தண்டுக்குள்ளோ விட்டு அக்கரைக்குக் கொண்டுபோய் மண்ணில் ஊன்றவிடுகிறார்கள். பிறகு வருகிற வேர்களை அதோடு பின்னுகிறார்கள். ஆள் நடக்கிற அளவுக்குத் தேற பதினைந்து வருஷத்துக்குக் குறையாது, முப்பதுகூட ஆகலாம்.

ஹாப்சன்-ஜாப்சன் அகராதியால் நமக்குத் தெரிந்த ஹென்றி யூல், வங்காளப் பொறியாளர் படையில் இருந்தபோதே, 1844-இல் இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். கட்டியவர்கள் பெயர் எந்தப் பாலத்திலும் இல்லை.

ஜப்பானின் ஈயா பள்ளத்தாக்கிலும் கொடிப்பாலம் உண்டு. அங்கே வெட்டிய கொடி என்பதால் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதிதாகப் பின்னுகிறார்கள். உள்ளே இரும்புக் கம்பியும் ஓடுகிறது. மேகாலயாவில் பாலத்துக்கு உயிர் இருக்கிறது, ஆனால் அதற்கும் ஆள் வேண்டும். புது விழுதைப் பின்ன வேண்டும், தளர்ந்ததை இறுக்க வேண்டும். மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது புரியும்: எழுதி முடித்த நிரலைவிட, வருஷக்கணக்கில் அதைப் பார்த்துக்கொள்கிற ஆள்தான் அரிது.

நோங்ரியாட்டின் இரட்டை அடுக்குப் பாலத்துக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிப் போய்ப் படமெடுத்துத் திரும்புகிறோம். விழுது பின்னத் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் அதே படிகளில் ஏறி, படிப்புக்கும் வேலைக்கும் வெளியே போகிறார்கள். போகாதே என்று அவர்களிடம் சொல்ல நமக்கு உரிமையில்லை. நாமும் அப்படி ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள்தான். ஆனால் யுனெஸ்கோ பட்டியல் விழுது பின்னாது. இன்று ஒருவர் ஒரு கன்று நட்டால், அதன்மேல் ஆள் நடக்க 2040 தாண்டிவிடும். அதுவரை அதன் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும்.