பேனாக்கத்தியும் மடக்கெழுத்தாணியும்

தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்த பேனாக்கத்தி திறக்கவே வரவில்லை. துருவாக இருக்கும் என்று நினைத்து, ரிவிட் தலையை அரத்தால் ராவிக் கழற்றிட்டேன். செய்திருக்கக் கூடாதுதான். ஆனா உள்ளே என்ன இருக்குன்னு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வெளியே தெரிவது கொம்புப் பிடி. அதன் உள்பக்கம் இரண்டு பித்தளைத் தகடுகள். அவற்றுக்கு நடுவே, முதுகுப்பக்கமாக ஒரு எஃகுப் பட்டை. அதுதான் ஸ்பிரிங். மொத்தத்தையும் பிடித்திருப்பவை மூன்று ரிவிட்டுகள். முன்னால் இருப்பது அலகு சுழலும் அச்சு; மற்ற இரண்டும் ஸ்பிரிங்கை இறுக்கியவை. அலகின் அடிப்பகுதி சதுரம். திறக்கும்போது அதன் மூலை பட்டையை நெம்பித் தூக்கும். முழுசாகத் திறந்ததும் சதுரத்தின் தட்டையான பக்கத்தில் பட்டை 'டக்'கென்று உட்காரும். தனியாகப் பூட்டு கிடையாது. பட்டையின் அழுத்தம்தான் அலகை நிறுத்துகிறது.

இந்த மாதிரிக் கத்திகளுக்குப் பேர்போன ஊர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு. அங்கே பிடிக்குப் போட்ட மான்கொம்பில் நம் நாட்டுக் கடமான் கொம்பும் உண்டு. கொம்பு கப்பலேறிப் போய், கத்தியாகத் திரும்பி வந்தது!

இறகுப் பேனா சீவியதால் அது பேனாக்கத்தி. நம்ம ஊரிலும் மடக்குக் கத்தி எழுதுகிறவன் கையில்தான் இருந்தது. குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று வகைகளை உ.வே.சா. 'என் சரித்திர'த்தில் சொல்கிறார். மடக்கெழுத்தாணியில் ஒரு பக்கம் ஓலை வாரும் கத்தி, மறுபக்கம் எழுதும் ஆணி. பிடி தந்தத்திலோ மரத்திலோ இரும்பிலோ இருக்கும். இறகைச் சீவினால்தான் மை இறங்கும். ஓலையை வாரினால்தான் ஏடாகும். இரண்டு தேசத்திலும் தேவை ஒன்றுதான்.

1901-ல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கம் தொடங்கிய காலத்தில் ஏடுகளைத் தேடிச் சேர்த்தார்கள். ஏட்டைத் தேடிய அளவுக்கு எழுத்தாணியை யாரும் தேடவில்லை. காகிதம் வந்ததும் அது பழைய இரும்பாகிவிட்டது. செய்த கொல்லர் பெயரும் கூடவே போச்சு.

கழற்றிய கத்தியைப் பக்கத்துப் பட்டறையில் கொடுத்தேன். "தம்பி, இது கழற்றுறதுக்காகச் செஞ்சது இல்ல" என்று சொல்லிக்கொண்டே புது ரிவிட் அடித்துத் தந்தார் பெரியவர். நான் ராவியதில் துளை மயிரிழை அகன்றுவிட்டது. இப்போது கத்தி திறக்கிறது. அந்த 'டக்' சத்தம் மட்டும் இல்லை. உங்கள் வீட்டில் மடக்கெழுத்தாணி ஏதாவது கிடந்தால், தயவுசெய்து கழற்றாமல் படம் எடுத்து வையுங்கள்.