பச்சரிசியும் புழுங்கலரிசியும்



தஞ்சோங் பகாரில் கப்பல்துறைக் கம்பெனி தொடங்கிய ஆண்டு 1864. அங்கே சரக்கு ஏற்றி இறக்கியவர்களில் நம் தமிழ்த் தொழிலாளர் பலர். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பாடுபட்ட நம்மவர்கள் ஊர்ப் பழக்கப்படி பெரும்பாலும் புழுங்கலரிசிச் சோறே உண்டார்கள். சோத்துல என்ன சரித்திரம் இருக்குன்னு கேட்கிறீர்களா? இருக்கிறது.

அக்காலத்தில் இவ்வட்டாரத்தில் பெரிபெரி என்னும் நோய் பல்லாயிரம் பேரைக் கொன்றது. கால் மரத்துப்போகும், உடம்பு வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். இடம் கெட்டது என்றார் ஒருவர், கிருமி என்றார் மற்றொருவர். நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் ஒன்றைக் கவனித்தார். சயாம் பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளரை நோய் வாட்டியது. புழுங்கலரிசி உண்ட தமிழரிடம் அது அரிதாகவே காணப்பட்டது.

அப்போ அரிசிதான் காரணம்னு முடிவு கட்டிடலாமா? கூடாது. இரு சாராருக்கும் வேலை வேறு, இருப்பிடம் வேறு, பழக்கவழக்கம் வேறு. இவற்றில் எது காரணம் என்று எப்படிச் சொல்வது?

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் மருத்துவர் ஃபிளெட்சர் 1905 டிசம்பரில் இதைச் சோதித்தார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண்காரர் ஒரு கட்டடம், இரட்டைப்படை எண்காரர் வேறு கட்டடம். ஒரு பக்கம் பச்சரிசி, மறுபக்கம் புழுங்கலரிசி. மற்ற உணவெல்லாம் ஒன்றே. கட்டடம் காரணமாக இருக்குமோ என்ற ஐயம் தீர, நடுவில் இரு கூட்டத்தாரையும் இடம் மாற்றினார். ஓராண்டு முடிவில் பச்சரிசிப் பக்கம் 18 பேர் பெரிபெரியால் மாண்டிருந்தனர். புழுங்கல் பக்கம் ஒருவர்கூட மாளவில்லை. தமக்காகப் பேச இயலாத நோயாளிகளை வைத்து இப்படிச் சோதிக்க இன்று அனுமதி கிடைக்காது. அந்த உயிர்கள் கொடுத்த விலையையும் நாம் மறக்கலாகாது.

இன்னொரு பாடமும் உண்டு. பழைய பச்சரிசியில் விஷம் சேர்கிறது என்று பிராடன் எண்ணினார். அவர் கண்டது சரி. சொன்ன காரணம் தவறு. ஃபிரேசர், ஸ்டாண்டன் என்ற இரு மருத்துவர்கள் கோலாலம்பூரில் மேலும் ஆராய்ந்து, அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு ஏதோ ஒரு சத்து போய்விடுகிறது என்று 1909இல் காட்டினர். அச்சத்தை 1926இல் படாவியாவில் யான்சனும் டோனாத்தும் தனியே பிரித்தெடுத்தனர். அதுதான் வைட்டமின் பி1. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் பிறகு தீட்டினாலும் முழுவதும் போய்விடாது. நம்ம பாட்டிமாருக்கு வைட்டமின் தெரியாது. ஆனா அவங்க அவிச்ச நெல் உயிரைக் காத்தது.

ஆகவே மாணவர்களே, "இதனாலதான் இது வந்துச்சு" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். எதோடு ஒப்பிட்டார்கள்? வேறு காரணம் இருக்க முடியாதா? அதை எப்படிச் சோதித்தார்கள்? இம்மூன்றையும் மரியாதையாகக் கேளுங்கள். ஆசிரியர் சொன்னாலும் கேளுங்கள்.